உப்புவெளியில் 7 தளத் தொடர்மாடி, பல்கனி எல்லாம் மரம்: திருகோணமலைக்குச் சரிவருமா?

உப்புவெளியான்:
கடலிலிருந்து 250 மீற்றர் உள்ளே, நிலத்தளமும் அதன்மேல் 6 மாடியுமாக ஒரு தொடர்மாடிக்கு வரைபடம் தயாராகிறது. 24 வீடு. தளம் 24 மீற்றர் நீளம், 16 மீற்றர் அகலம். ஒரு நீளப்பக்கம் கிழக்கே கடலைப் பார்க்கிறது, மற்றது மேற்கே றோட்டை. இரண்டிலும் 1.5 மீற்றர் நீட்டிய பல்கனி. அதன் விளிம்பில் 60 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் மண் ஆழமும் உள்ள கொங்கிறீற்றுத் தொட்டி. 3 மீற்றருக்கு ஒரு சிறு மரம், இடையில் செடிகள். முன்மாதிரி மிலானின் பொஸ்கோ வெர்ட்டிகாலே, பல்கனிகளில் மரம் வளர்க்கும் உயரத் தொடர்மாடி. வீடு வாங்க வருபவர்களுக்குச் சொல்லப்போவது மூன்று: வீடு குளிரும், கரண்ட் பில் குறையும், காபன் குறையும். இதில் எது நிற்கும், எது நிற்காது? கணக்கோடு சொல்லுங்கள். வரைபடம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, மாற்றலாம்.

சீனன்குடா சிவில்:
முதலில் பாரம். தும்புத்தூளும் செங்கல் உடைசலும் கலந்த இலேசான கலவைகூட நனைந்து நின்றால் கன மீற்றருக்கு 1,200 கிலோ வரும். தோட்டத்து மண் என்றால் 1,700, 1,800. உங்கள் தொட்டியில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 0.36 கன மீற்றர், அதாவது 430 கிலோ. தொட்டிச் சுவர் 75 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்தால் அதுவொரு 215 கிலோ. செடியையும் சேருங்கள், 680 கிலோவைத் தொடும். இத்தனையும் சுவரிலிருந்து 1.2 மீற்றர் தள்ளி, நீட்டிய சிலாப்பின் நுனியில் தொங்குகிறது. சிலாப் கட்டடத்தோடு சேரும் இடத்தில் வளைவுத் திருப்பம் மீற்றருக்கு 8 கிலோநியூட்டன் மீற்றர். சாதாரண பல்கனியில் ஆட்கள் நிற்பதற்கு என்று சதுர மீற்றருக்கு 3 கிலோநியூட்டன் எடுத்தால் வருவது 3.4 மட்டுந்தான். ஆக, ஆள் பாரத்தின் திருப்பத்துக்கு மேலாக அதன் இரண்டு மடங்குக்கும் கூடிய திருப்பம், அதுவும் வருஷம் 365 நாளும் இறங்காத பாரம். 150 மில்லிமீற்றர் சிலாப் காணாது, 225 வேண்டும். நிரந்தரப் பாரம் என்பதால் காலப்போக்கில் நுனி தொய்வதையும் தனியாகப் பார்க்க வேண்டும். தொய்ந்தால் தொட்டியின் வடிகால் சரிவு மாறிவிடும், தண்ணீர் வாய்க்குப் போகாமல் எதிர் மூலையில் நிற்கும்.

அடுத்தது காற்று. 1978 சூறாவளிக்குப் பிறகு வந்த இலங்கை வடிவமைப்புக் கையேட்டில் கிழக்குக் கரை முதலாம் வலயம். சாதாரண கட்டடத்துக்கு விநாடிக்கு 49 மீற்றர், மணிக்கு 176 கிலோமீற்றர். அந்த வேகத்தில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிலோநியூட்டன் அழுத்தம். இரண்டு மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் உயரத் தலையுள்ள சிறு மரம், இலை மடங்கிக் கொடுப்பதால் பாதிதான் பிடிக்கும் என்று கழித்தாலும் 300 கிலோ இழுவை. அது 60 சென்ரிமீற்றர் மண்ணில் நிற்கிற மரம். நிலத்தில் மரம் வேரைப் பக்கத்துக்கு ஓட்டித்தான் தாங்குகிறது, தொட்டியில் ஓட்ட இடமில்லை. மிலானில் மரம் ஒவ்வொன்றையும் கம்பிவடத்தால் கட்டடத்தோடு பிணைத்திருக்கிறார்கள், காற்றுச் சுரங்கத்தில் சோதித்த பிறகு. திருகோணமலை 2000 டிசம்பரில் சூறாவளியை வாங்கிய ஊர். 2020 டிசம்பர் 2இல் புரெவிச் சூறாவளி நமக்கு வடக்கே கரையேறியது. கட்டாத மரத்தை ஆறாவது மாடியில் வைக்கும் வரைபடத்தில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

பச்சைமாடி:
பாரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முடியாது என்பதும் சரியல்ல. கொழும்பை அடுத்த ராஜகிரியவில் 40 மாடிக்கு மேல் உயர்ந்த தொடர்மாடி, சுற்றிவரப் பல்கனித் தொட்டிகளோடு நிற்கிறது. கந்தலமவில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல் 1994இல் திறந்தது, இன்று காட்டுக்குள்ளிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி கொடி மூடியிருக்கிறது. அதுவும் நம்மைப்போல் உலர்வலயந்தான். சிங்கப்பூரில் ஒயேசியா ஹோட்டல், 27 மாடி, 2016. சிவப்பு அலுமினிய வலையில் கொடி ஏற்றியிருக்கிறார்கள். சுவரைச் செடியால் மூடினால் சுவரின் வெளிமுகம் 11 பாகைக்கு மேல் குளிர்ந்ததைச் சிங்கப்பூரில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மரமே இல்லாத வெறும் கொங்கிறீற்றுப் பெட்டிகளை உப்புவெளியில் வரிசையாக நட்டுக்கொண்டே போனால் இன்னும் பத்து வருஷத்தில் இந்தக் கரையில் இரவிலும் சூடு இறங்காது. பறவை, வண்ணத்துப்பூச்சி, தேனீ, புழுதி பிடிக்கும் இலை, இவற்றுக்கும் ஒரு பெறுமதி உண்டு. அதைக் கிலோவாட்டில் மட்டும் அளக்காதீர்கள்.

சொட்டுவாய்:
பச்சைமாடி அக்கா சொன்ன மூன்று உதாரணமும் நல்ல உதாரணம். மூன்றும் எப்படி நிற்கின்றன என்று பார்த்தால் நமக்கு விடை வரும். ராஜகிரியவுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நமக்கு வருஷத்துக்கு 1,500 மில்லிமீற்றரளவில் பெய்தாலும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான். மேற்கிலிருந்து காய்ந்து சூடாக வரும் காற்று, வெப்பம் 35 பாகை. அந்த மாதங்களில் இலைப்பரப்பின் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 6 லீற்றர் கணக்கு வையுங்கள், மேல்மாடி விளிம்பில் அதற்கும் கூட.

உங்கள் தொட்டி மொத்தம் 288 மீற்றர் நீளம். இலை வெளியே தள்ளி ஒரு மீற்றர் அகலத்துக்கு விரியும், ஆகவே கிட்டத்தட்ட 300 சதுர மீற்றர். நாளுக்கு 1,800 லீற்றர். ஐந்து மாதத்துக்கு 270 கன மீற்றர். கூரை மழையைச் சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கூரை 384 சதுர மீற்றர், வருஷத்தில் 450 கன மீற்றருக்கு மேல் பிடிக்கலாம், ஆனால் அதை மே வரை வைத்திருக்க 10 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், 3 மீற்றர் ஆழத்தில் நிலத்தடித் தொட்டி வேண்டும். அதற்குப் போகிற கொங்கிறீற்றைக் காபன் கணக்கில் யார் எழுதுவது? குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது, அதே குளத்தைச் சிறுபோக வயலும் பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்களில் பூச்செடிக்கு ஊற்றக்கூடாது. கிணறு என்றால், உப்புவெளி, நிலாவெளி மணலில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. மோட்டர் போட்டு இழுத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும், அது உங்கள் கிணற்றோடு நிற்காது, அயலவர் கிணற்றுக்கும் போகும்.

மிஞ்சுவது குளித்த தண்ணீரும் ஏசித் தண்ணீரும். 24 வீட்டில் வீட்டுக்கு 4 பேர், ஆளுக்குக் குளிப்பும் கைகழுவலும் 40 லீற்றர் என்றாலே 3,800 லீற்றர் வருகிறது. போதும், மிச்சமும் வரும். இந்தத் திட்டத்தில் உண்மையிலேயே பயனுள்ள தண்ணீர் அதுதான். ஆனால் நான்கு விஷயம் பிசகக்கூடாது. சமையலறைத் தண்ணீரைச் சேர்க்காதீர்கள், கொழுப்பு வடிகட்டியை மூன்றாம் நாளே அடைக்கும். வோஷிங் மெஷின் தண்ணீரையும் வேண்டாம், சலவைத்தூளின் சோடியம் மண்ணை இறுக்கும். இதற்கு வீடு கட்டும்போதே தனிக் கழிவுக்குழாய் போட வேண்டும், பிறகு பிரிக்க முடியாது. சேர்த்த தண்ணீரை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள், நாறும். மிஞ்சினதைக் கழிவுநீர்த் தொட்டிக்கே விடுங்கள். படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, அதன் பிறகு 130 மைக்ரோன் தட்டு வடிகட்டி, பிறகுதான் சொட்டுக்குழாய். ஏசித் தண்ணீரை நேரே வடிகட்டிக்குப் பின்னால் சேர்க்கலாம். அதில் உப்பே இல்லை, 12,000 பீ.ரீ.யூ மெஷின் ஒன்று ஈரமான நாளில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரளவு தரும்.

உயரக் கட்டடத்துக்கே உரிய ஒரு பிழை இருக்கிறது. மேல்தளத்துத் தாங்கியிலிருந்து ஒரே குழாயில் எல்லா மாடிக்கும் இறக்கினால் அடி மாடியில் 20 மீற்றர் உயர நீரின் அழுத்தம், மேல்மாடியில் ஒன்றுமில்லை. மாடிக்கு மாடி தனி வால்வு, அழுத்தம் சமன்செய்து மணித்தியாலத்துக்கு 2 லீற்றர் விடும் சொட்டுவாய், நீர் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் வகை வேண்டும். மூடாத வகை போட்டால் பம்பு நின்றபிறகு குழாயில் நிற்கும் தண்ணீர் முழுவதும் அடி மாடித் தொட்டிக்குள் வடியும். ஆறு மாதத்தில் கீழே வேர் அழுகும், மேலே இலை காயும். பார்ப்பவர் செடியைக் குறை சொல்வார், குறை குழாயில். இன்னொன்று, வெயில் காலத்தில் அணில் கறுப்புக் குழாயைக் கடித்துத் தண்ணீர் குடிக்கும். மண்ணுக்குள் 5 சென்ரிமீற்றர் புதைத்துப் போடுங்கள்.

உப்புவெளியான்:
தண்ணீர்க் கணக்குக்கு நன்றி. அப்படியென்றால் 1,800 லீற்றர் ஆவியாவதால் வீடு எவ்வளவு குளிரும்?

சொட்டுவாய்:
ஒரு லீற்றர் ஆவியாக 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை எடுக்கும். 1,800 லீற்றர் என்றால் 1,200க்கு மேல். பெரிய எண், ஆனால் ஏமாறாதீர்கள். அந்தக் குளிர்ச்சி இலைக்கு வெளியே காற்றில் நடக்கிறது, கச்சான் அடிக்கும்போது அடுத்த நொடியே கடல் பக்கம் போய்விடும். வீட்டுக்குள் கிடைப்பது பெரும்பாலும் நிழலின் பலன். ஆகவே எங்கே வெயில் விழுகிறதோ அங்கே மட்டும் செடி வேண்டும். கிழக்குச் சுவரில் வெயில் காலை 11 மணியோடு போய்விடும், பிறகு கடற்காற்று வரும். மேற்குச் சுவர்தான் 2 மணியிலிருந்து பொழுது சாயும்வரை வேகிறது, இரவு 10 மணிவரை அறைக்குள் சூட்டை விடுகிறது.

அடம்பன்கொடி:
செடி விஷயத்திலும் கிழக்கையும் மேற்கையும் பிரித்துத்தான் பேச வேண்டும். கிழக்கில் உப்பு, மேற்கில் உலர்வு. கொண்டலும் வாடையும் அடிக்கும் மாதங்களில் 250 மீற்றர் உள்ளேயும் உப்புத் துளி வரும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலை மட்டும், இளசு முதிர்ச்சி பாராமல், ஓரத்திலிருந்து உள்ளே நோக்கிக் கபிலமாகக் கருகினால் அது காற்றில் வந்த உப்பு. நல்ல தண்ணீரால் இலையைக் கழுவினால் தப்பும். எல்லாப் பக்கமும் அடியில் இருக்கிற முதிர்ந்த இலைகள் நுனியில் கருகிக்கொண்டு வந்தால் அது வேரில் ஏறிய உப்பு. அதற்கு இலை கழுவிப் பயனில்லை, தொட்டியின் கொள்ளளவைப் போல் ஒன்றரை மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டு அடியால் வெளியேற்ற வேண்டும். குளித்த தண்ணீர் பாய்ச்சும் தொட்டிக்கு வருஷத்தில் ஒரு தரம் இந்தக் கழுவல் வேண்டும். நவம்பர் மழை அதை இலவசமாகச் செய்யும், வடிகால் திறந்திருந்தால்.

கலவை அளவு: செங்கல் உடைசல் 4 பங்கு (5 முதல் 10 மில்லிமீற்றர்), கழுவிய தும்புத்தூள் 3, ஆற்றுமணல் 2, கூட்டெரு 1. கடற்கரை மணல் கூடவே கூடாது. தும்புத்தூள் கரையோரத்தில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்ததாக இருக்கும், உப்பு நிற்கும், மூன்று தரம் நன்னீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். தும்புத்தூளை அரைப்பங்குக்கு மேல் போட்டால் இரண்டு வருஷத்தில் உக்கி மட்டம் ஒரு சாண் இறங்கும், வேர்க்கழுத்து வெளியே தெரியும். பிறகு மேலே மண் நிரப்புவார்கள், தண்டு அழுகும்.

மரம் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். பூவரசும் புன்னையும் உப்பைத் தாங்கும், அதனாலேயே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரண்டும் பெரிய மரம், தொட்டிக்குள் அடைத்து வருஷம் மூன்று தரம் வெட்டிக்கொண்டிருக்க நேரும். மேற்குச் சுவருக்குக் கடதாசிப்பூ, ரங்கூன் மல்லி, நீலத் தன்பெர்ஜியா. கடதாசிப்பூ உலர்வுக்கு முதலிடம், ஆனால் தானாகப் பற்றி ஏறாது, கட்டிக் கட்டி விட வேண்டும், முள் இருப்பதால் ஜன்னலோரம் வேண்டாம். தன்பெர்ஜியா வேகமாக மூடும், தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவதும் அதுதான். ஒரே வகையை முழுச் சுவருக்கும் போடாதீர்கள், மாவுப்பூச்சி வந்தால் மொத்தமாகப் போகும். வேரால் ஒட்டி ஏறும் சின்ன இலை அத்திக்கொடியைத் தவிருங்கள், பெயின்றைப் பிய்த்துக்கொண்டு வரும். கிழக்குப் பல்கனியில் பச்சை வேண்டுமென்றால் பூச்சாடியில் கற்றாழை, அலரி போதும். சூறாவளி எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்து வைக்கலாம். சிலாப்பில் ஊன்றிய தொட்டியை எடுக்க முடியாது.

தானாக முளைப்பதையும் சொல்ல வேண்டும். காகம் எச்சமிட்ட இடத்தில் ஆல், அரசு வரும். விரல் உயரத்தில் பிடுங்கினால் போகும். பென்சில் தடிப்பானால் வேர் தொட்டி மூட்டுக்குள் போயிருக்கும், பிறகு கொங்கிறீற்றை உடைத்துத்தான் எடுக்கலாம்.

சீனன்குடா சிவில்:
காபன் கேள்வி நிற்கிறது. அதையும் போட்டுப் பார்த்துவிட்டேன். தொட்டிக்காக மட்டும் கூடுகிற கொங்கிறீற்று: சிலாப் தடிப்பு 75 மில்லிமீற்றர் கூடுவதால் 32 கன மீற்றர், தொட்டிச் சுவர் 26. மொத்தம் 58. கன மீற்றருக்கு 300 கிலோ காபனீரொட்சைட்டு வைத்தால் 17 தொன். கம்பி கன மீற்றருக்கு 100 கிலோ, கம்பி கிலோவுக்கு 2 கிலோ காபனீரொட்சைட்டு, அது 11 தொன்னுக்கு மேல். சேர்த்து 29 தொன். 96 சிறு மரம், தொட்டிக்குள் ஒடுங்கி வளரும் மரம் வருஷத்துக்கு 10 கிலோ பிடிக்கும் என்று தாராளமாக வைத்தால் ஒரு தொன். ஆக 30 வருஷம், இடையில் எந்த மரமும் சாகாமல் இருந்தால். வெட்டிய கிளை உக்கினால் பிடித்தது திரும்பப் போகும், பம்பு கரண்டையும் கழிக்க வேண்டும். காபன் குறையும் என்ற வசனத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதே 96 மரத்தை வளவிலும் றோட்டோரத்திலும் நிலத்தில் நட்டால் கொங்கிறீற்று வேண்டாம், தண்ணீரும் மூன்றாம் வருஷத்தோடு நிறுத்தலாம்.

பச்சைமாடி:
இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். நிலத்து மரம் முதலில், அது சரி. ஆனால் 7 தளத்தின் மேற்குச் சுவருக்கு நிலத்து மரம் 10 வருஷத்துக்கு நிழல் தராது. அதன் பிறகும் மூன்றாம் மாடிக்கு மேல் நிழல் அரிது. சுவருக்கு முன்னால் கொடித் திரை போட்டால் பாரம் மிகக் குறைவு, கந்தலமவிலும் ஒயேசியாவிலும் நடப்பது அதுதான். உலோகத் தகடு போட்டும் நிழல் தரலாம், ஆனால் தகடு மாலை 4 மணிக்குத் தானே கொதித்துச் சூட்டை உள்ளே வீசும். தண்ணீர் குடிக்கிற இலை சுற்றுக் காற்றின் வெப்பத்துக்குக் கிட்டவே நிற்கும். இந்த வித்தியாசத்துக்காகவே கொடி வேண்டும் என்கிறேன்.

சீனன்குடா சிவில்:
உடன்படுகிறேன். கொடித் திரை என்றால் ஈரமான நிலையிலும் சதுர மீற்றருக்கு 20 கிலோ போதும், காற்றைத்தான் தனியாகப் பார்க்க வேண்டும். கம்பிவடம் 4 மில்லிமீற்றர், 316 தரத்துத் துருவா உருக்கு. 304 தரம் இந்தக் கரையில் இரண்டு வருஷத்துக்குள் தேயிலைக் கறை மாதிரிப் படியும், நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பி அதற்கு முன்னே போகும். வடத்துக்கு வடம் 40 சென்ரிமீற்றர், சுவரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி. அந்த இடைவெளியில் காற்று ஏறவும் வேண்டும், பெயின்றருடைய கை போகவும் வேண்டும். சுவரில் பிடிக்கும் ஆணிகளைச் செங்கல்லில் அல்ல, வளையிலும் தூணிலும் இரசாயனப் பசையோடு இறக்குங்கள். ஒவ்வொரு மாடி வளையிலும் வடத்தை வெட்டித் தனித்தனியாக இறுக்குங்கள். முழு உயரத்துக்கும் ஒரே வடம் போட்டால் ஒரு இடத்தில் அறுந்தால் 20 மீற்றர்த் திரையும் வரும்.

ஜன்னலுக்கு முன்னால் கொடி விடாதீர்கள், காற்றும் வெளிச்சமும் போய்விடும். மேற்கு ஜன்னலுக்குச் சிலாப் நீட்டமும் சாய்தகடும்.

நுளம்புக்கண்:
யாரும் இன்னும் நுளம்பைப் பேசவில்லை. 2017இல் இலங்கையில் டெங்கு 186,101 பேர். அந்த வருஷத் தொடக்கத்தில் கிண்ணியாவும் திருகோணமலையும் பட்டது எல்லோருக்கும் தெரியும். சீனாவில் செங்டுவில் 2018இல் கட்டிய 8 கோபுரம், 826 வீடு, பல்கனி முழுக்கச் செடி. 2020இல் ஒரு சில குடும்பங்கள் மட்டுமே குடியிருந்தன. செடி காடாகி, நுளம்பு பெருகியது. கவனிக்க ஆளில்லாத வீட்டின் பல்கனி எப்படியாகும் என்பதற்கு அது நேர் உதாரணம். உப்புவெளியில் வாங்குபவர்களில் பலர் வெளிநாட்டில் இருப்பார்கள், வீடு பூட்டிக் கிடக்கும்.

மண்ணில் நுளம்பு முட்டை இடாது. இடுவது தொட்டிக்குக் கீழே வைத்த தட்டில், அடைந்த வடிகால் வாயில், குழாய்ப் பெட்டி மூடிக்குள், இலை விழுந்த பீலியில். வடிகால் வாயைக் கிட்டப் பார்த்தால் புரியும்: 75 மில்லிமீற்றர் வாய், அதன்மேல் மண்ணை வடிகட்டப் போடும் துணித் தாளுக்கு அப்பால் நழுவிய தும்புத்தூள் சேறாகப் படிந்து, அதில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கும். அவ்வளவு போதும், ஒரு வாரத்தில் கூத்தம்பி நுளம்பாகும். ஆகவே தொட்டிக்கு இரண்டு வடிகால் வாய், ஒவ்வொன்றுக்கும் கை போகிற திறப்பு, விளிம்புக்கு 5 சென்ரிமீற்றர் கீழே தனி வழிவாய். அத்தோடு, வீட்டுக்காரர் வீட்டில் இல்லாமலே இவற்றை அடையக்கூடிய வழி. தொட்டி பல்கனிக்குள் இருந்து, பல்கனி பூட்டிய வீட்டுக்குள் இருந்தால் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் கதவில் நின்றுவிட்டுத்தான் போவார்.

சீனன்குடா சிவில்:
அதோடு நீர்க்கசிவு. தொட்டி ஏதாவது இருந்தால் மண் போடுவதற்கு முன் 48 மணித்தியாலம் தண்ணீர் தேக்கி அடிப்பக்கம் பாருங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் வேர் துளைக்காத தடித்த எச்.டி.பி.ஈ பிளாஸ்ரிக் தாள், வடிகால் தட்டு, துணித் தாள், பிறகு மண். கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று மூடல். கசிவு தெரிய வந்தால் 8 மீற்றர்த் தொட்டி ஒன்றைத் திறக்க 3 கன மீற்றர் மண்ணை லிப்டில் வாளி வாளியாக இறக்க வேண்டும். வீடுகள் நிறைந்த பிறகு அதை யாரும் செய்வதில்லை, கம்பி துருத்துச் சிலாப்பின் அடி வெடிக்கும்வரை விட்டுவிடுவார்கள்.

உப்புவெளியான்:
இவ்வளவையும் வைத்து மாற்றியது இது. பல்கனித் தொட்டி இல்லை. கிழக்கில் பூச்சாடி மட்டும். மேற்கில் கொடித் திரை, ஜன்னல் கழித்து 300 சதுர மீற்றர். கொடிக்கு மண் மூன்று மட்டத்தில்: நிலத்தில், இரண்டாம் மாடியில், நான்காம் மாடியில். மேல் இரண்டும் பல்கனி நுனியில் அல்ல, தூண்களுக்கு நடுவே பொதுநடைபாதை ஓரமாக, சாவி பராமரிப்பவரிடம். தண்ணீர் குளியலிலிருந்தும் ஏசியிலிருந்தும். விளம்பரத்தில் மேற்கு அறை குளிர்ச்சி என்பது மட்டும். மிச்சம் என்ன?

சொட்டுவாய்:
சுவரின் சதுர மீற்றருக்கு 3 லீற்றரில் தொடங்குங்கள், 900 லீற்றர், பாதியாகிவிட்டது. கரண்ட் நின்றால் கச்சானில் இரண்டு நாளைக்குள் மேல் மட்டம் வாடும், ஆகவே மேல்தளத்தில் 2,000 லீற்றர் தாங்கி, பம்பில்லாமல் தானே இறங்கும்படி. அதற்குள் குளித்த தண்ணீரை ஏற்றி வைக்காதீர்கள், நாறும் என்று சொன்னேன். ஏசித் தண்ணீரும் நல்ல தண்ணீரும் மட்டும்.

அடம்பன்கொடி:
கொடி ஒன்றுக்கு 300 லீற்றர் மண்ணுக்குக் குறையாமல் கொடுங்கள். நடுவது ஒக்டோபர் முதல் வாரம், முதல் மழையோடு. மார்ச்சில் நட்டால் வேர் பிடிக்குமுன் கச்சான் வந்துவிடும். முதல் வருஷம் தலையைக் கிள்ளிப் பக்கக் கிளை எடுங்கள், இல்லாவிட்டால் அடி மொட்டையாகி மேலே மட்டும் குடை பிடிக்கும். கிளை வெட்டு வருஷம் இரண்டு தரம். ஒன்று செப்டெம்பர் கடைசியில், மழைக்காற்றுக்கு முன். அதில் திரையின் தடிப்பை 20 சென்ரிமீற்றருக்கு இறக்க வேண்டும், காற்றுப் பிடிப்பு அதோடு குறையும். கயிற்றில் இறங்கி வெட்டுபவருக்கு மேல்தளத்தில் நங்கூரக் கொளுவிகளை இப்போதே வரைபடத்தில் போடுங்கள்.

நிலத்துக் கொடிக்கு ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு வலைக்கூடு போடுங்கள். உப்புவெளியில் ஆடும் மாடும். இதே வரைபடத்தை நகருக்குள், கோட்டைப் பக்கம் யாராவது கட்டினால் மான் வரும், அவற்றுக்கு ரங்கூன் மல்லித் தளிர் நல்ல விருப்பம். அங்கே இரண்டு மீற்றர்.